தலையை மறைக்காத தலைமறைவு

ஹிட்லர் காலத்தில் யூதர்கள் ஒளிந்து பிழைத்தார்கள் என்று படித்ததும் நம் மனசில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவு. அதற்குள்ளே பகலெல்லாம் வாய் திறக்காமல் ஒரு குடும்பம். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் குடும்பம் அப்படித்தான் இருந்தது. 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை, கூட இருந்தவர்களோடு சேர்த்து எட்டுப் பேர்.

அந்தக் காட்சி உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு, ஒரே இடத்தில், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவர நம்பிக்கையான ஆட்களோடு இரண்டு வருஷம் ஒளிந்திருப்பது வெகு சிலருக்கே வாய்த்தது. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? குறிப்பாக, ஹிட்லரின் தலைநகரமான பெர்லினிலேயே மாட்டிக்கொண்டவர்கள்?

அவர்கள் தங்களை நீர்மூழ்கிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஜெர்மன் மொழியில் ‘ஊ-போட்’. ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் தலைமறைவாவதற்குத் தண்ணீருக்குள் முங்குவதைக் குறிக்கும் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம்முடைய சொல் தலைமறைவு. வேடிக்கை என்னவென்றால், பெர்லினில் ஒளிந்தவர்களில் பலர் தலையை மறைக்கவே இல்லை. டிராமில் போனார்கள், கடையில் வரிசையில் நின்றார்கள், நாஜிக்காரர்களோடு ஒரே கூரையின் கீழ் தூங்கினார்கள். அவர்கள் மறைத்தது பெயரை. இதை விளங்கிக்கொள்ள ஒரு பெண்ணின் கதையோடு போவதுதான் சுலபம்.

மரீ யாலோவிச் 1922-ல் பெர்லினில் பிறந்தவர். அப்பா வக்கீல். வீட்டுக்கு ஒரே பெண். 1938-ல் அம்மா இறந்துபோனார், 1941-ல் அப்பாவும். இருபது வயசு ஆகும் முன்பே அநாதை. கொடுமையான நிலைமைதான். ஆனால் இதில் ஒரு கசப்பான அனுகூலமும் இருந்தது. அந்த வயசு யூத இளைஞர்கள் பலர் தப்பித்துப் போகாமல் இருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் வயதான அப்பா அம்மா. அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? மரீக்கு அந்தக் கட்டு இல்லை.

அதற்குள் நாட்டில் என்ன நடந்திருந்தது என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது பெர்லினில் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் யூதர்கள். முடிந்தவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள். இருந்தவர்களுக்கு, 1938-ல் பாஸ்போர்ட்டில் சிவப்பு ‘ஜெ’ முத்திரை, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. 1939 ஜனவரி முதல், பெயரைப் பார்த்தே யூதர் என்று தெரியாத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1941 செப்டம்பர் 19 முதல் ஆறு வயசுக்கு மேற்பட்ட எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் 18-ஆம் தேதி பெர்லினிலிருந்து முதல் ரயில் யூதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போலந்துப் பக்கம் புறப்பட்டது. ஐந்தே நாள் கழித்து, யூதர்கள் இனி நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று உத்தரவு. அதுவரை ‘போய்த்தொலை’ என்று விரட்டியவர்கள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த நகரத்திலிருந்து மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி அனுப்பப்பட்டார்கள்.

மரீயைச் சீமென்ஸ் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்குப் போட்டிருந்தார்கள். யூதத் தொழிலாளி தானாக வேலையை விட முடியாது. முதலாளி நீக்கினால்தான் உண்டு. மரீ தன் மேலாளரிடம் பேசித் தன்னை வேலையிலிருந்து நீக்கவைத்தார். வேலை போனால் வேலைவாய்ப்பு அலுவலகம் அடுத்த இடத்துக்கு அனுப்பும். அதற்கான கடிதமும் வந்தது. கடிதத்தோடு வந்த தபால்காரரிடம் மரீ தன்னைப் பற்றித் தானே, யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல, ‘அந்தப் பெண்ணா? அவளைக் கிழக்கே கொண்டுபோய்விட்டார்களே’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். தபால்காரர் அப்படியே எழுதித் திருப்பிவிட்டார். அந்த அலுவலகத்தின் பதிவு அட்டைகளில் மரீ யாலோவிச் காலியானார்.

எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது. நாஜி ஆட்சி துப்பாக்கியை நம்பிய அளவுக்கு அட்டைகளையும் பட்டியல்களையும் நம்பியது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் கிடைப்பான். பெயரை அடித்துவிட்டால், ஆள் எதிரில் நின்றாலும் தெரியாது. ஒரு பள்ளிப் படிப்பு முடித்த பெண் இதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார்.

ஆனாலும் ஒரு அலுவலகம் மறந்தால் போதுமா? 1942 ஜூன் 22, விடிகாலை. கெஸ்டபோ, அதாவது ரகசிய போலீஸ், அவர் குடியிருந்த வீட்டுக் கதவைத் தட்டியது. சும்மா ஒரு விசாரணை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று வழக்கமான வசனம். மரீ ஒன்றும் தெரியாத அசட்டுப் பெண்போல நடித்தார். பசிக்கிறது, கீழ்வீட்டில் சாப்பிட ஏதாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். உடுத்தியிருந்தது உள்பாவாடை மட்டும். உள்பாவாடையோடு எந்தப் பெண் தெருவில் ஓடிவிடப்போகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். மரீ படியிறங்கினார், தெருவுக்கு வந்தார், அப்படியே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வயசு இருபது. போர் முடிய இன்னும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் இருந்தது.

சரி, தெருவுக்கு வந்தாயிற்று. இனி?

ஒளிந்து வாழ்வது என்றால் மூன்று சாமான் வேண்டும்: ஒரு காகிதம், ஒரு வேளைச் சோறு, ஒரு படுக்கை. மூன்றையும் ஏற்பாடு செய்து முடித்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. தினம் தினம் புதிதாகத் தேட வேண்டும்.

காகிதத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் யார் எங்கே குடியிருந்தாலும் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். ரயிலில், தெருமுனையில், எங்கே வேண்டுமானாலும் அடையாள அட்டை கேட்பார்கள். மரீக்குக் கைகொடுத்தவர் யோஹன்னா கோஹ் என்ற, யூதர் அல்லாத, குடும்ப நண்பர். அந்த அம்மாள் தன் அட்டையையே கொடுத்தார். அதில் மரீயின் புகைப்படம் ஏறியது. இருவருக்கும் பதினைந்து வருஷத்துக்கு மேல் வயசு வித்தியாசம். பிறந்த வருஷத்தை யாராவது கூர்ந்து பார்த்தால் கதை கந்தல். பெர்லினில் ஒளிந்த மற்றவர்கள் கள்ள அட்டை வாங்கினார்கள். சியோமா ஷோன்ஹவுஸ் என்ற யூத ஓவிய மாணவர், தானும் ஒளிந்துகொண்டே நூற்றுக்கணக்கில் அப்படிப்பட்ட அட்டைகள் செய்து கொடுத்தார். 1943 நவம்பரில் பெர்லின் மேல் பெரிய அளவில் குண்டுவீச்சு தொடங்கியபிறகு இன்னொரு வழியும் திறந்தது. ‘வீடு எரிந்துபோச்சு, எல்லா பேப்பரும் போச்சு’ என்று வேறு பெயரைச் சொல்லிப் புதிதாக அட்டை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. பெயரைப் பதிந்துவைத்திருந்த அலுவலகங்களும் அதே நெருப்பில் எரிந்துகொண்டிருந்தன.

அடுத்தது சோறு. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு இது உடனே புரியும். போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னாலேயே, 1939 ஆகஸ்ட் கடைசியில், ஜெர்மனியில் ரேஷன் வந்துவிட்டது. ரொட்டி, வெண்ணெய், இறைச்சி, எதற்கும் கூப்பன். கூப்பன் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும். நம் ஊரில் கார்டு இல்லாவிட்டால் வெளிக்கடையில் கூடுதல் விலை கொடுத்து அரிசி வாங்கிக்கொள்ளலாம். அங்கே வெளிக்கடை என்றால் கள்ளச்சந்தைதான்; அதற்குப் பணம் எங்கே போவது? ஆகவே ஒளிந்திருப்பவர் சாப்பிட வேண்டுமென்றால் இன்னொருவர் தன் பங்கில் பிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கே போதாத கூப்பனில் இரண்டு ஆள். உதவி செய்தவர்களின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் பசித்திருந்தார்கள் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம்.

மூன்றாவது படுக்கை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

எந்த வீட்டிலும் அதிக நாள் தங்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், ‘யார் இந்தப் பொண்ணு?’ வான் தாக்குதல் சங்கு ஊதினால் கட்டடத்தில் உள்ள எல்லோரும் கீழே பதுங்கறைக்கு வர வேண்டும். அங்கே பொறுப்பாளருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். கீழே போனால் கேள்வி. மேலேயே இருந்தால் குண்டு. சிலர் இரவில் ஒரு வீட்டில் படுத்து, பகல் முழுவதும் டிராமிலும் தெருவிலும் சுற்றினார்கள். வேலைக்குப் போகிறவர்போல விறுவிறுவென்று நடக்க வேண்டும். எங்கும் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது. ஒரு கழிப்பறை எங்கே கிடைக்கும் என்பதே பெரிய யோசனை.

மரீ எத்தனையோ இடம் மாறினார். நடுவில் ஒரு பல்கேரிய நண்பரை நம்பி பல்கேரியா வரை போய், அங்கே நிற்க முடியாமல் மறுபடி பெர்லினுக்கே திரும்பினார். அவருக்குப் பல இடங்களைப் பிடித்துக்கொடுத்தவர் பென்னோ ஹெல்லர் என்ற மகப்பேறு மருத்துவர். அவரும் யூதர், மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஜெர்மன் பெண்களிடம் ‘ஒரு பெண்ணைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா’ என்று கேட்டுக்கேட்டு இடம் சேர்த்தார். கடைசியில் அவர் பிடிபட்டார், திரும்பி வரவில்லை.

அப்படி ஒரு இடத்தில் தங்கியிருந்தபோது நடந்ததை மரீ பின்னாளில் சொன்னார். வீட்டுக்காரி அவரை ஒரு ஆளிடம் 15 மார்க்குக்கு, அதாவது அன்றைய ஜெர்மன் பணத்துக்கு, விற்றுவிட்டாள். விற்றது என்றால் விற்றதுதான். அந்த ஆள் பால்வினை நோயால் நடை தளர்ந்த, வெறிபிடித்த நாஜிக்காரன். யூதர் பக்கத்தில் வந்தாலே தனக்கு வாசனை தெரிந்துவிடும் என்று பெருமையடித்துக்கொள்வான். அவன் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டி, இது என்னவென்று சொல் பார்க்கலாம் என்றானாம். உள்ளே ஒரே ஒரு மயிர். ஹிட்லர் வளர்த்த நாயின் மயிர் என்று காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தான். அந்தப் படத்தின் கீழே, அவனுக்கு எந்த வாசனையும் தெரியாமல், ஒரு யூதப் பெண் குடியிருந்தார்.

சிரிப்பு வருகிறது, இல்லையா? மரீயும் இதைச் சிரிப்புக் கலந்துதான் சொல்லியிருக்கிறார். ஆனால் 15 மார்க்கை மறந்துவிடக்கூடாது. ஒளிந்த பெண்களின் கதைகளில் பல வருஷம் பேசாமல் விடப்பட்ட பகுதி இது. தங்க இடம் கொடுத்தவர் எல்லோரும் கருணையால் கொடுக்கவில்லை. சிலர் வாடகை கேட்டார்கள், சிலர் வீட்டு வேலை கேட்டார்கள், சில ஆண்கள் உடம்பைக் கேட்டார்கள். மறுத்தால் தெரு, தெருவில் கெஸ்டபோ. இதை ‘சம்மதம்’ என்ற சொல்லால் அளக்க முடியாது. மரீ இதை மூடி மறைக்கவும் இல்லை, அழுது சொல்லவும் இல்லை.

பெர்லினில் ஒளிந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். ராணுவ வயசுள்ள ஆண் சீருடை இல்லாமல் தெருவில் நடந்தாலே ‘ஓடிவந்த சிப்பாயா?’ என்று நிறுத்துவார்கள். யூத ஆண்களுக்கு விருத்தசேதனம், நம் பக்கம் சுன்னத்து என்பது, செய்திருக்கும். கால்சட்டையை அவிழ்க்கச் சொன்னால் தீர்ந்தது. பெண்ணுக்கு அந்தச் சோதனை இல்லை. வீட்டு வேலைக்காரி, தூரத்து உறவு, குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண் என்று எதையாவது சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைய முடியும். பெண்ணாக இருந்தது ஒரு பக்கம் கேடயம். இன்னொரு பக்கம் அதற்கான விலையைத்தான் மேலே பார்த்தோம்.

மரீ அதிக காலம் இருந்தது பெர்லினின் ஷ்ப்ரே ஆற்றங்கரையில், க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதியில், ஒரு டச்சுத் தொழிலாளியோடு. ஜெர்மன் தொழிற்சாலைகளில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட லட்சக்கணக்கான வெளிநாட்டவரில் அவரும் ஒருவர். இருவரும் ஜோடியாக ஒரு கிழவி வீட்டில் குடியிருந்தார்கள். கிழவி நாஜி ஆதரவு. அந்த டச்சுக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் கோபம் வந்தால் அடிப்பார். கண் கன்றிப்போய் மரீ வெளியே வந்தால், அந்தக் குடியிருப்பில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே பல பெண்களின் முகம் அப்படித்தான். அடிபட்ட முகமும் ஒரு அடையாள அட்டையாக உதவியது. வீட்டுக்காரக் கிழவியைப் பற்றி மரீ சொல்வது இன்னும் விசித்திரம். அவளைப் பணம் பிடுங்கும் நாஜி என்று வெறுத்ததாகவும், கூடவே ஒரு தாயைப்போல நேசித்ததாகவும் சொல்கிறார். அம்மா இல்லாத பெண், நம்மால் என்ன சொல்ல முடியும்?

உதவியவர்களுக்கு என்ன தண்டனை என்று பலர் கேட்பார்கள். இடத்தைப் பொறுத்தது. ஜெர்மானியர்கள் ஆக்கிரமித்த போலந்தில் யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் 1941 அக்டோபர் முதல் மரண தண்டனை. ஜெர்மனிக்குள் அப்படி ஒரு சட்டம் இல்லை. யூதரோடு வெளிப்படையாக நட்புப் பாராட்டினாலே வதைமுகாமுக்கு அனுப்பலாம் என்ற உத்தரவு 1941-ல் வந்தது. பிடிபட்டவருக்கு என்ன ஆகும் என்பது பிடித்த அதிகாரியைப் பொறுத்திருந்தது. அது தெரியாமல்தான் அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

நீர்மூழ்கிகளுக்கு இருந்த பயங்களில் மிக மோசமானது கெஸ்டபோ சீருடை அல்ல, பழைய பள்ளித்தோழி. பிடிபட்ட யூதர்களில் சிலரை கெஸ்டபோ வேட்டை நாயாக மாற்றியது. அவர்களுக்கு ‘பிடிப்பவர்கள்’ என்று பெயர். யூதர்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல யூதர்களால்தான் முடியும் என்பது கணக்கு. இவர்களில் பேர்போனவர் ஸ்டெல்லா கோல்ட்ஷ்லாக். சித்திரவதைக்குப் பிறகு, பெற்றோரை அனுப்பமாட்டோம் என்ற வாக்குறுதிக்காக இந்த வேலையில் இறங்கினார். பெற்றோரை அனுப்பித்தான் விட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை.

அதே பெர்லினில், மரீக்குச் சில மாதமே மூத்த மார்கோ ஃப்ரீட்லாண்டர் என்ற பெண்ணின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1943 ஜனவரியில் அவருடைய தம்பியை கெஸ்டபோ கொண்டுபோனது. மகனைத் தனியே விட மனமில்லாமல் அம்மா தானே போய்ச் சரணடைந்தார். மகளுக்கு அவர் விட்டுப்போனது ஒரு கைப்பை, அதில் ஒரு அம்பர் மணிமாலை, ஒரு முகவரிக் குறிப்பேடு, அக்கம்பக்கத்தார் வாயிலாக ஒரு செய்தி: உன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முயற்சி செய். மார்கோ நட்சத்திரத்தைக் கழற்றினார், தலைமயிருக்குச் செஞ்சாயம் போட்டார், மூக்கைக்கூட அறுவை செய்து மாற்றிக்கொண்டார். பதினைந்து மாதம் ஓடியது. 1944 ஏப்ரலில் தெருவில் இரண்டு பிடிப்பவர்கள் நிறுத்தி அட்டை கேட்டார்கள்; காட்ட ஒன்றும் இல்லை. தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து உயிரோடு வந்தார். 2025 மே மாதம், 103 வயசில், பெர்லினிலேயே காலமானார்.

மரீ புத்திசாலி, மார்கோ கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. யாரும் அட்டை கேட்காத தெருவில் திரும்பினாரா, கேட்ட தெருவில் திரும்பினாரா என்பதுதான் பல நேரம் வித்தியாசம். பெர்லினில் சுமார் ஆறரை ஆயிரம் முதல் ஏழாயிரம் பேர் வரை இப்படி மூழ்கினார்கள். போர் முடிந்தபோது மேலே வந்தவர்கள் சுமார் 1,700 பேர்.

மரீ அவர்களில் ஒருவர். 1945-ல் சோவியத் படை வந்தபோது நகரத்தின் கிழக்கு ஓரத்தில், யோஹன்னா கோஹ் வீட்டுப் பக்கம் இருந்தார். விடுதலை செய்ய வந்த படையின் சிப்பாய் ஒருவனே அவரை வன்புணர்ந்தான். அதையும் அவர் மறைக்கவில்லை. பெர்லினை விட்டும் போகவில்லை. படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க-ரோமானியப் பண்பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியரானார். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி வீட்டில் முழுசாக எதுவும் சொன்னதில்லை.

1997 டிசம்பர் கடைசியில் ஒருநாள் மகன் ஹெர்மன் சீமோன் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வரலாற்றாசிரியரான அவர், அம்மா, உன் கதையைச் சொல்வதாக இருந்தாயே என்றார். மரீ பேச ஆரம்பித்தார். 1998 செப்டம்பரில் இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை, மருத்துவமனைக் கட்டிலிலிருந்தும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மொத்தம் 77 கேசட்டுகள். மகன் பிறகு வருஷக்கணக்கில் ஆவணக்காப்பகங்களில் உட்கார்ந்து, அம்மா சொன்ன ஆட்களின் பெயர், தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் பழைய பதிவேடுகளோடு ஒத்துப்பார்த்தார். ஒரு குறிப்பும் எழுதி வைக்க வழியில்லாத காலத்தில் பழகிய பெயர்கள் அவை; ஐம்பது வருஷம் கழித்தும் அவற்றில் பெரும்பாலானவை பதிவேட்டில் அப்படியே இருந்தன.